மகனைப் பற்றிக் கேட்கிறார்கள், என்னைக் கேட்பதில்லை

கேள்வி: என் மகனுக்கு 8 வயது, ஆட்டிசம் உள்ளவன். பயிற்சிக்கு மனைவிதான் தஞ்சாவூர் அழைத்துச் செல்கிறார். நான் வயலிலேயே கிடக்கிறேன்; வேலை இல்லாத நாளிலும் மோட்டார் கொட்டகையை விட்டு வருவதில்லை. ஒரு வருடமாகச் சரியான தூக்கமில்லை, தொட்டதற்கெல்லாம் கோபம். "உங்கள் வம்சத்துக் கோளாறு" என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து விசேஷங்களுக்கும் போவதில்லை. எங்களுக்குப் பிறகு அவனுக்கு யார்? மருத்துவரைப் பார்க்கும் அளவுக்கு இது பெரிதா?
- வாசகர், மன்னார்குடி வட்டம்

பதில்: ஆம், பார்க்கத்தான் வேண்டும். மனச்சோர்வு என்றால் அழுதுகொண்டு முடங்கிக் கிடப்பது என்றே பலரும் எண்ணுகிறோம். ஆண்களிடம் அது பல சமயம் எரிச்சலாகவும், குடியாகவும், வீட்டுக்கு வர மனமில்லாமல் வேலையில் ஒளிந்துகொள்வதாகவும் வெளிப்படுவதால், 'பொறுப்பான உழைப்பாளி' என்ற பாராட்டுக்குள்ளேயே நோய் மறைந்துவிடுகிறது. இரண்டு வாரம் நீடித்தாலே கவனிக்க வேண்டிய அறிகுறிகள் உங்களிடம் ஒரு வருடமாக இருக்கின்றன. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணான 14416இல் 24 மணி நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றே மனைவியிடம் சொல்லிவிட்டு அழையுங்கள். கொட்டகையில் பூச்சிமருந்து இருந்தால், அதை இன்றே வேறொருவர் பொறுப்பில் கொடுத்துவிடுங்கள்.

வம்சப் பேச்சுக்கு வருவோம். ஆட்டிசத்தில் மரபணுக்களுக்குப் பெரும் பங்கு உண்டு; அது யாருடைய குற்றமும் ஆகாது. தாயின் பாசக் குறைவே காரணம் என்று ஒரு காலத்தில் மருத்துவ உலகமே பழி சுமத்தியபோது, அதை 1964இல் நூல் எழுதி மறுத்த அமெரிக்க உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லண்ட், ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தந்தை. அந்த உறவினருக்கு நீங்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர்.

மகனோடு உங்களுக்கென்று ஒரு வேலை இல்லாததும் இந்தச் சோர்வை வளர்க்கிறது என்றே நான் கருதுகிறேன். பயிற்சியாளரிடம் ஒருமுறை நீங்களே சென்று, வீட்டில் செய்யவேண்டியவற்றுள் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: சட்டைப் பொத்தான் போடப் பழக்குவதாக இருக்கலாம், மாலையில் வாய்க்கால் கரையில் நடத்திச் செல்வதாகவும் இருக்கலாம். (கையை மட்டும் விடாதீர்கள், இக்குழந்தைகளில் பலரைத் தண்ணீர் இழுக்கும்.) அந்த நேரம் மனைவிக்கும் ஓய்வாகும், அவர் உங்களைவிடக் களைத்திருக்கக் கூடும்.

பிற்காலக் கவலை நியாயமானது, ஆனால் அதற்கு வழி இருக்கிறது. ஆட்டிசம் உள்ளிட்ட குறைபாடுகள் உள்ளவர்களின் நலனுக்கான 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, அவன் 18 வயதைக் கடந்தபின் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவின் மூலம் சட்டப்பூர்வக் காப்பாளரை நியமிக்கலாம். அதே அறக்கட்டளையின் நிராமயா திட்டத்தில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு கிடைக்கும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இன்னும் எடுக்கவில்லையென்றால், திருவாரூரில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முதலில் அதைக் கேளுங்கள்.