டக் என்றாலே சுழியோடிதான்

ஞாயிற்றுக்கிழமை கொழும்புக்குப் பக்கத்துத் தலங்கம வாவியில் எடுத்த நீர்ப்பறவைப் படத்தைப் போட்டதும் கேள்விகள் குவிந்துவிட்டன. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

வெள்ளவத்தைத் தங்கச்சி: அண்ணா, மூழ்கி இரை தேடும் தாராவுக்கு ‘டைவிங் டக்’ என்று யார் பெயர் வைத்தது?

யாரும் கூடிப் பேசி வைத்ததில்லை. வேடிக்கை என்னவென்றால் ‘டக்’ என்ற சொல்லுக்குள்ளேயே சுழியோட்டம் இருக்கிறது. அமிழ்வதைக் குறித்த ஒரு பழைய ஆங்கில வினைச்சொல்லிலிருந்து வந்தது அது. பவுன்சர் வந்தால் ‘டக் பண்ணு’ என்று கத்துகிறோமே, அதுவும் அதே வேர்தான். (பூச்சியத்துக்கு அவுட்டானால் சொல்லும் ‘டக்’ வேறு கதை, அது தாரா முட்டை.) ‘டக்’ என்ற சொல் வருமுன் ஆங்கிலேயருக்குத் தாரா ‘எனெட்’. ஜெர்மன்காரர் இன்றும் ‘என்டெ’ என்கிறார்கள். ஆக, ‘டைவிங் டக்’ என்றால் சுழியோடும் சுழியோடி!

பத்தரமுல்லைத் தம்பி: மன்னாரில் பார்த்த ஊசிவால் வாத்து தலையை மட்டும் விட்டுப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றதே?

அது மேலோட்டமாக மேய்கிற வகை. சுழியோடும் தாராவுக்குக் கால்கள் உடம்பின் பின்பக்கமாக இருக்கும், தண்ணீருக்குள் உந்தித் தள்ள அதுதான் வசதி. ஆனால் கரைக்கு வந்தால் தள்ளாட்டம், பறப்பதற்கும் தண்ணீர்மேல் கொஞ்சத் தூரம் ஓட வேண்டும்.

கொட்டாஞ்சேனை அக்கா: பேர வாவியில் முழுசாக அமிழ்ந்து எங்கேயோ போய் எழும்பியதே, அதுவும் தாராவா?

கறுப்பாக இருந்து, பிறகு கம்பத்தில் ஏறிச் சிறகை விரித்துக் காய வைத்ததென்றால் நீர்க்காகம் அக்கா. தலங்கமவில் உள்ளங்கையளவு உருண்டையாக ஒன்று மிதக்கும், சத்தமில்லாமல் மறையும். நான் பதினேழு எண்ணிய பிறகு ஆம்பல் இலைக்கு அந்தப்பக்கம் தலையை நீட்டியது. அது முக்குளிப்பான், தாராச் சாதியே இல்லை. ஆங்கிலத்தில் தாராவுக்குப் போன பெயர் தமிழில் இதற்கு வந்திருக்கிறது, எனக்கென்னவோ நம் ஆட்கள்தான் சரியாகப் பார்த்திருக்கிறார்கள்.

தெமட்டகொடையிலிருந்து: ‘கன்வஸ்பேக்’?

வட அமெரிக்கத் தாரா. முதுகு வெளுத்த கன்வஸ் துணி மாதிரி, அவ்வளவுதான். அதன் அறிவியல் பெயர்தான் சுவாரசியம்: மீன் தொட்டிக் கடையில் நாடா மாதிரி நீளப் புல் விற்பார்களே, வல்லிஸ்னேரியா, அந்த இனத்துச் செடியின் கிழங்கைத்தான் இது மூழ்கித் தோண்டித் தின்னும். 1814இல் பறவையியலாளர் அலெக்சாண்டர் வில்சன் அந்தச் செடியின் பெயரையே இதற்கு வைத்தபோது ஓர் ‘எல்’ தவறி ‘வலிசினேரியா’ ஆகிவிட்டது, இன்றும் அப்படியே எழுதுகிறார்கள்.