கவுண்டி ஆபீஸில் அடுத்தவர் கல்யாணத்தைத் தேடிப் பார்க்க முடியுமா?

கேள்வி: அமெரிக்காவில் கவுண்டி ஆபீஸில் கல்யாண லைசென்ஸ் வாங்குவது எப்படி? ஒருவருக்குக் கல்யாணம் பதிவாகியிருக்கிறதா என்று அங்கே தேடிப் பார்க்க முடியுமா?

முதல் பாதி சும்மா ஒப்புக்கு, இரண்டாவது பாதிக்காகத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சொந்தத்தில் யாரோ அங்கே பதிவு செய்துகொண்டதாகச் சொல்கிறார்கள், ஊரில் நம்பவில்லை, "நீ அங்கதானே இருக்க, பார்த்துச் சொல்லு" என்று உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும். என்னைப் பற்றியும் இப்படி ஒருவர் தேடினார், அதனால்தான் இந்த வேகம்.

லைசென்ஸ் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். நான் சொல்வது கலிபோர்னியா கணக்கு. இரண்டு பேரும் சேர்ந்து கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) கிளார்க் அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும். அடையாளத்துக்குப் பாஸ்போர்ட் போதும். அமெரிக்கக் குடியுரிமை வேண்டியதில்லை, அந்த ஊர்க்காரராக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. கட்டணம் கவுண்டிக்குக் கவுண்டி வேறு. லைசென்ஸ் 90 நாள் செல்லும், வாங்கிய அன்றைக்கே கல்யாணம் செய்துகொள்ளலாம். டெக்சாஸில் பொதுவாக 72 மணி நேரம் பொறுக்க வேண்டும். நியூயார்க்கில் 24 மணி நேரம், அங்கே கொடுப்பதும் கவுண்டி இல்லை, டவுன் அல்லது சிட்டி கிளார்க். ஆகவே யூடியூபில் ஒருவர் சொன்னார் என்று கிளம்பிவிடாதீர்கள்.

நம் ஆட்கள் கோட்டை விடுகிற இடம் ஒன்று உண்டு. லைசென்ஸ் என்பது அனுமதி மட்டும்தான். கல்யாணத்தை நடத்திவைத்தவர் அதைப் பூர்த்தி செய்து கையெழுத்துப் போட்டு 10 நாளுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும், அனுப்பினால்தான் பதிவாகும். கோயிலில் குருக்கள் நடத்திவைத்தால் அது அவர் பொறுப்பு, தட்சிணையோடு சேர்த்து அதையும் ஞாபகப்படுத்துங்கள். இன்னொன்று, கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாற்றப் போகிறீர்கள் என்றால் புதுப் பெயரை விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். பின்னால் அந்தத் தாளில் சேர்க்க மாட்டார்கள்.

இனி என் கதை.

எங்களுக்கு நிச்சயம் ஆகி, தை மாதம் அம்பாசமுத்திரத்தில் கல்யாணம் என்று மண்டபமும் பேசியாகிவிட்டது. இடையில் ஜூலையில் அவருக்கு வேலை போனது. எச்-1பி என்கிற வேலை விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு வேலை கிடைக்க வேண்டும், அல்லது விசா வகையை மாற்ற விண்ணப்பிக்க வேண்டும், அல்லது கிளம்ப வேண்டும். நானும் எச்-1பி, எனக்கு வேலை இருந்தது. மனைவியைச் சார்ந்தவர் என்று எச்-4 கேட்கலாம், ஆனால் அதற்குக் கல்யாணச் சான்றிதழ் வேண்டும். காலண்டரில் ஆடி மாதம். குடியேற்றத் துறைக்கு ஆடி தெரியாது.

அப்பாவிடம் போனில் சொன்னோம். "பதிவு மட்டுந்தானே, தாலி தைல கட்டிக்கிடலாம்" என்று சம்மதித்தார். சாட்சிக்கு வருவதாகச் சொன்ன தோழிக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. கவுண்டரில் இருந்த பெண்மணி, "கான்ஃபிடென்ஷியல் லைசென்ஸ் வாங்கிக்கொள்ளலாமே, அதற்குச் சாட்சி தேவையில்லை" என்றார்.

கலிபோர்னியாவில் லைசென்ஸ் இரண்டு வகை. பொதுவானதற்குச் சாட்சி ஒருவராவது வேண்டும், அந்தப் பதிவின் நகலை யாரும் கேட்கலாம். சம்பந்தமில்லாதவருக்கு, 'அடையாளத்துக்குச் செல்லாது, தகவலுக்கு மட்டும்' என்று அச்சிட்ட நகல் கிடைக்கும். கான்ஃபிடென்ஷியல் வகையில் சாட்சி வேண்டாம், பதிவும் பொதுப் பார்வைக்கு வராது. நகல் தம்பதிக்கு மட்டும், மற்றவர்களுக்குக் கோர்ட் உத்தரவு வேண்டும். 1878-லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. ஏற்கெனவே கணவன் மனைவியாக வாழ்கிறவர்கள் ஊருக்கு அம்பலமாகாமல் கல்யாணத்தை முறைப்படுத்திக்கொள்ளட்டும் என்பதுதான் நோக்கம். அதனால் 'நாங்கள் சேர்ந்து வாழ்கிறோம்' என்று உறுதிமொழி கொடுத்தால்தான் தருவார்கள்.

ஆமாம், கொடுத்தோம். ஆமாம், ஒரே வீட்டில்தான் இருந்தோம். கீழே பண்பாடு வகுப்பு எடுக்கப்போகிறவர்கள் தாராளமாக எடுக்கலாம், பே ஏரியாவில் (சான் பிரான்சிஸ்கோ சுற்றுவட்டாரம்) ஒற்றைப் படுக்கையறை வாடகை எவ்வளவு என்று பார்த்துவிட்டு வந்தால் நல்லது.

அதே கவுண்டியில் என் பெரியப்பா மகன் இருக்கிறார். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், இப்போதும். மதினிக்கு எங்கள் 'பதிவு' மேல் சந்தேகம். அண்ணன் ஆன்லைனில் தேடியிருக்கிறார், ரெக்கார்டர் அலுவலகத்திலும் கேட்டிருக்கிறார். அந்த இரண்டு பேரில் பொதுக் கல்யாணப் பதிவு எதுவும் இல்லை என்று பதில் வந்திருக்கிறது. அது சரியான பதில்தான். ரெக்கார்டரிடம் இருப்பது பொதுப் பதிவுகள், கான்ஃபிடென்ஷியலான எங்கள் பதிவு கிளார்க்கிடம் அல்லவா இருக்கிறது! எனக்கு ஒரு போன் போட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். நேரே அம்பாசமுத்திரத்துக்குப் போட்டார்.

அப்பா பத்திரப் பதிவு ஆபீஸில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணத்துக்கும் வில்லங்கம் போட்டுப் பார்க்கலாம் என்று நம்புகிற ஆள். "ஏட்டி, பதிவே இல்லைங்கானே அவன்? பதிவு ஆபீஸ்ல இருந்தா எவன் கேட்டாலும் நகல் கொடுக்கணும். நகல் இல்லைன்னா ஆவணமே இல்லைன்னு அர்த்தம்" என்றார். சான்றிதழைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். "இதைக் கம்ப்யூட்டர்ல யாரும் அடிக்கலாம்" என்றார். அம்மா பின்னால் அழுகிற சத்தம். மண்டபத்துக்குக் கொடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பது வரைக்கும் பேச்சு போய்விட்டது.

வாதாடி வாதாடி அலுத்துப்போய்க் கடைசியில் கேட்டேன்: "உங்க ஆபீஸ்ல ஒருத்தர் உயில் பதிவு பண்ணா, அவர் உயிரோட இருக்கையிலே பக்கத்து வீட்டுக்காரனுக்கு நகல் கொடுப்பீங்களா?" போனில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பதிவுச் சட்டப்படி சொத்துப் பத்திரங்கள் 1-ம் புத்தகம், யாரும் பார்க்கலாம். உயில் 3-ம் புத்தகம், எழுதியவர் இருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோதான் நகல், வில்லங்கச் சான்றிலும் வராது. எனக்கே அப்பா சாப்பாட்டு நேரத்தில் சொல்லிச் சொல்லித் தெரிந்த சட்டம்தான்.

"அப்போ இது மூணாம் புஸ்தகம்" என்றார். "ஆமா." "அந்தப் பய ஒண்ணாம் புஸ்தகத்துல தேடியிருக்கான்." அவ்வளவுதான். அடுத்த நாளிலிருந்து தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் அப்பாவே கலிபோர்னியாச் சட்டம் விளக்கிக்கொண்டிருந்ததாக அம்மா சொன்னாள். தையில் தாலியும் ஏறியது.

அண்ணன் இதுவரை ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு வந்து முதல் பந்தியிலேயே உட்கார்ந்தார். நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் என் பெட்டியில் கால்வாசி அவர்கள் வீட்டுச் சாமான்: வைட்டமின் டப்பா, பாதாம், மதினியின் தம்பிக்கு ஷூ. திரும்பும்போது மாவடு ஊறுகாய், அதுவும் ஒழுகுகிற டப்பாவில். பெட்டிக்கு 23 கிலோ என்று விமானக் கம்பெனி கொடுப்பது எனக்கா அவர்களுக்கா என்று யாராவது சொல்லுங்கள். சரி, அது வேறு கதை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நாடு முழுவதற்கும் சேர்த்து ஒரே பதிவேடு அமெரிக்காவில் இல்லை. கலிபோர்னியாவில், கல்யாணம் எந்த ஊரில் நடந்தது என்பது முக்கியமில்லை, லைசென்ஸ் கொடுத்த கவுண்டியில்தான் கேட்க வேண்டும். சான் ஹோசேயில் லைசென்ஸ் வாங்கி லாஸ் ஏஞ்சலஸில் கட்டினாலும் பதிவு சான்டா கிளாரா கவுண்டியில்தான் இருக்கும். லாஸ் வேகஸில் கட்டியிருந்தால் உங்கள் பாடு சுலபம், அந்த ஊர் இருக்கிற கவுண்டியில் (அதன் பெயரே கிளார்க், Clark) கல்யாணப் பதிவுகளை இணையத்திலேயே பெயர் போட்டுத் தேடலாம். கலிபோர்னியா கான்ஃபிடென்ஷியல் என்றால் கவுண்டி கிளார்க் தேடிப் பார்த்து, கல்யாணம் நடந்திருக்கிறது என்று மட்டும் உறுதி சொல்லலாம், தேதியைக்கூடச் சொல்ல மாட்டார். பொதுத் தேடலில் பெயர் வரவில்லை என்பதை வைத்துக்கொண்டு மட்டும் யார் வீட்டுக்கும் போன் போட்டுவிடாதீர்கள்.

உங்கள் சொந்தக் கல்யாணத்துக்காகத்தான் கேட்டீர்கள் என்றால், எந்த மாநிலம் என்று சொல்லுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். வேறு யாருக்காகவோ என்றால் அவர்கள் பெயரை இங்கே போட வேண்டாம், நான் தேடித் தர மாட்டேன்.