பீஃப் பிர்ரியா ஏன் கசக்குது, கறி ஏன் இழுக்குது?

வாசகர் ஒருத்தர் கேட்டிருக்கார்: மெக்சிகன் பீஃப் பிர்ரியா (காஞ்ச மிளகாய் விழுதுல கறிய மெல்ல வேக வெக்கிற குழம்பு) வீட்ல செஞ்சேன், அந்த ஊர் காஞ்ச மிளகாயே தேடி வாங்கிப் போட்டேன், ஆனா குழம்பு கசக்குது, தண்ணியா ஓடுது, கறி ரெண்டு மணி நேரம் வெந்தும் ரப்பரா இழுக்குது, தேங்காப்பால் ஊத்தினா சரியாகுமா?

முதல்ல கசப்பு. மிளகாய் கருகியிருக்கும், முக்காவாசி நேரம் அதுதான். நாம சாம்பார் பொடிக்கு மொறுமொறுன்னு வறுத்தே பழகினவங்க, இங்க அது ஆகாது. பிர்ரியாவுக்குப் போடுற குவாஹியோங்கிற மெக்சிகன் காஞ்ச மிளகாய்க்குத் தோல் மெல்லிசு, கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள கருகிடும். காம்பு கிள்ளி விதையெல்லாம் உதறிட்டு, மிதமான சூட்டுல எண்ணெய் இல்லாத தவால போட்டு கரண்டியால அமுக்குங்க, பக்கத்துக்கு 15, 20 செகண்ட் போதும், தோல் லேசா இளகி வாசனை மூக்குக்கு வந்த உடனே எடுத்துடணும், கறுப்புப் புள்ளி விழுந்துச்சுன்னா அந்த மிளகாயத் தூக்கிப் போட்டுடுங்க. அப்புறம் சுடுதண்ணில 20 நிமிஷம் ஊறட்டும். அரைக்க அந்தத் தண்ணியவே ஊத்துறதுக்கு முன்னாடி ஒரு சொட்டு நாக்குல வெச்சுப் பாருங்க, கசந்தா கொட்டிட்டு வேற தண்ணி ஊத்துங்க.

அடுத்து தண்ணியா ஓடுறது. பிர்ரியா மெக்சிகோவோட ஹலிஸ்கோ மாநிலத்து சாப்பாடு, அங்க ஆட்டுக்கறிலதான் ஆரம்பிச்சது, பீஃப்ல செய்யறது அமெரிக்க எல்லைல இருக்கிற டிஹுவானா வழியா பரவி லாஸ் ஏஞ்சலஸ் டாக்கோ வண்டிகள் வரைக்கும் வந்துச்சு. எந்த ஊர்ல செஞ்சாலும் குழம்புக்கு கெட்டி குடுக்குறது மிளகாயோட சதை, அதான் ஒன்றரை கிலோ கறிக்கு குவாஹியோ எட்டு, ஆஞ்சோ நாலுன்னு தாராளமா போடுறது. ரெண்டுமே அவ்வளவா காரம் இல்லாதது, பயப்பட வேணாம். ஆஞ்சோங்கிறது பழுத்துக் காஞ்ச பொப்லானோ மிளகாய், லேசா உலர்திராட்சை மாதிரி இனிக்கும். காரத்துக்கு ஆர்போல் மிளகாய் ரெண்டு மூணு போட்டா போதும். மிளகாயக் குறைச்சுட்டு மிளகாய்த்தூள் போட்டீங்கன்னா காரம்தான் ஏறும், கெட்டி வராது.

சுட்ட தக்காளி, வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு, ரெண்டு கிராம்பு, துண்டு பட்டை, மெக்சிகன் ஓரிகானோ இலை, ரெண்டு ஸ்பூன் வினிகர் எல்லாத்தையும் மிளகாயோட சேத்து மையா அரைச்சு வடிகட்டுங்க, வடிகட்டலேன்னா தோல் திப்பி திப்பியா பல்லுல மாட்டும். அந்த விழுதை நேரா தண்ணில கரைச்சு விடாதீங்க, கறிய செவக்க வதக்கி எடுத்த கொழுப்புலயே ஊத்தி, எண்ணெய் பிரிஞ்சு நிறம் இருளுற வரைக்கும் கிண்டணும், பச்சை வாசனை போறதும் அங்கதான்.

கறி இழுக்குறதுக்கு காரணம் ரொம்ப வெந்துட்டது இல்ல, இன்னும் வேகல. தோள்பட்டைக் கறி, கால் கறி மாதிரி உழைக்குற பாகத்துல கொலாஜன்ங்கிற கெட்டியான இணைப்புப் புரதம் நிறைய, அது ஜெலட்டினா கரையத்தான் இவ்வளவு நேரம் எடுக்குது. அதனால கடைல சக் (தோள்பட்டைக் கறி) கேளுங்க, கூடவே எலும்போட ஷாங்க் (கால் கறி) ஒண்ணு வாங்குங்க, கொழுப்பே இல்லாத தொடைக்கறி வாங்கி எவ்வளவு நேரம் வேக வெச்சாலும் வறண்டு நாரு நாரா போகுமே தவிர குழைவா வராது. தளதளன்னு கொதிக்க விடாம மெல்ல குமிழி விடுற சூட்டுல மூணுல இருந்து நாலு மணி நேரம் வெக்கணும். குக்கர்ல வெக்கிறவங்க விசில் எண்ணாதீங்க, முதல் விசில் வந்ததும் சிம்ல 45, 50 நிமிஷம், தண்ணி தாராளமா ஊத்தியிருக்கணும். முள்கரண்டிய குத்தித் திருப்பினா கறி தானா பிரியணும், பிரியலன்னா இன்னும் அரை மணி நேரம்.

இப்போ பண்ணி வெச்சிருக்கிற குழம்புல கறிய இன்னும் வேக விட்டா அது மட்டும் சரியாகிடும், கருகின கசப்பு போகாது, சர்க்கரை போட்டா கொஞ்சம் மறைக்கும், அவ்வளவுதான். மேல மிதக்குற செக்கச்செவேல் கொழுப்ப கொட்டிடாதீங்க, சோள டோர்டியாவ (மெக்சிகன் சோள ரொட்டி) அதுல முக்கி தவால போட்டு சீஸும் கறியும் வெச்சு மடிச்சா அதுதான் கேசபிர்ரியா. பக்கத்துல ஒரு கிண்ணத்துல குழம்பு, மேல பொடி வெங்காயம், கொத்தமல்லித்தழை, எலுமிச்சை. தேங்காப்பால் ஊத்தினீங்கன்னா அது வேற குழம்பு, நல்லாவே இருக்கலாம், ஆனா பிர்ரியா இல்ல.