லியருக்கு ஒரு முன்கதை

அன்புள்ள சார்,

கல்லூரியில் எங்களுக்கு ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' பாடம், மகள்களுக்கு நாட்டைப் பிரித்துக் கொடுத்துவிட்டு அல்லல்படும் கிழ அரசனின் கதை. போன வாரம் அதைத் தழுவி ஜப்பானிய இயக்குநர் குரோசாவா எடுத்த 'ரான்' (1985) பார்த்தேன். மூன்று மகள்கள் மூன்று மகன்களாகிவிட்டார்கள், ஷேக்ஸ்பியரின் கவிதை சுத்தமாக இல்லை. நல்ல படம்தான், ஆனால் இதை லியர் என்று எப்படிச் சொல்வது?

ம.

அன்புள்ள ம.,

மகள் மகனானதில் எனக்குச் சிக்கல் இல்லை. போர்க்கால ஜப்பானில் ஒரு பிரபு கோட்டைகளை மகன்களுக்குப் பிரித்துக் கொடுப்பதுதான் இயல்பு. கவிதை போனதும் போகட்டும். நீங்கள் சொல்லாமல் விட்ட மாற்றம்தான் பெரியது.

ஷேக்ஸ்பியரின் லியருக்கு முன்கதை கிடையாது. எண்பது தாண்டிய கிழவன், அவ்வளவுதான். எப்படி ஆண்டான், யாரைக் கெடுத்தான், நமக்குத் தெரியாது. 'நான் செய்த பாவத்தைவிட எனக்குச் செய்யப்பட்டது அதிகம்' என்று புயலில் அவன் சொல்லும்போது மறுத்துப் பேச நம் கையில் ஒன்றுமில்லை. குரோசாவாவுக்கு இது உறுத்தியிருக்கிறது. அவருடைய லியரான ஹிதேதோரா, மருமகள் கயேதேயின் குடும்பத்தை அழித்தவன். சுருமாரு என்ற சிறுவனின் கண்களைப் பறித்தவன். பின்னால் புயலில் ஒதுங்க இடம் தேடி அவன் நுழையும் குடிசை, அதே சுருமாருவுடையது! ஊழ்வினை என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது சட்டென்று பிடித்துப்போகும். எனக்கும் பிடித்தது. ஆனால் கணக்கு நேராகும் இடத்தில் லியர் கதையின் கொடுமை கொஞ்சம் குறைந்துவிடுகிறது.

1681-ல் நேஹம் டேட் என்ற கவிஞர் நாடகத்தைத் திருத்தி எழுதி, ஷேக்ஸ்பியரில் சாகும் கடைசி மகள் கார்டிலியாவைப் பிழைக்கவைத்து, பிரபு ஒருவரின் மகனான எட்கருக்குக் கட்டிவைத்தார். ஒன்றரை நூற்றாண்டுக் காலம் இங்கிலாந்து மேடையில் அதுதான் லியர். அவர் தூக்கியெறிந்த லியரின் அரசவைக் கோமாளி திரும்பி வந்ததே 1838-ல்தான். டேட்டைப் பார்த்துச் சிரிக்கிறோம். அவர் முடிவைத் திருத்தினார், குரோசாவா தொடக்கத்தைத் திருத்தினார். ஆனால் ஒன்று, குரோசாவா கடைசி மகன் சபுரோவைக் காப்பாற்றவில்லை. அந்த நேர்மை அவரிடம் இருந்தது.

அப்புறம், ஹிதேதோரா தங்கியிருக்கும் கோட்டையை மகன்களின் படைகள் தாக்கும் அந்தக் காட்சி. நாடகத்தில் இப்படி ஒன்று கிடையவே கிடையாது. வாள் சத்தமோ அலறலோ இல்லாமல் தகேமிட்சுவின் இசை மட்டும் ஓடுகிறது. துப்பாக்கி ஒன்று வெடிக்கிறது, மூத்த மகன் சரிகிறான், அதுவரை கேட்காத சத்தமெல்லாம் மொத்தமாக வந்து விழுகிறது. வயிற்றைக் கிழித்துக்கொள்ளக்கூட வாள் கிடைக்காத கிழவன், வெறும் உறையைப் பிடித்தபடி எரியும் கோட்டையின் படிகளில் இறங்கி வருகிறான். கொல்ல வந்த படை இரண்டாகப் பிரிந்து வழி விடுகிறது.