ஏசி ஏன் நின்று நின்று ஓடுகிறது? தெர்மோஸ்டாட் கேள்வி பதில்

திருச்சி வாசகர்: 24-ல் வைத்திருக்கிறேன். வெளி யூனிட் கொஞ்ச நேரம் ஓடி நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. ரிப்பேரா சார்?

ரிப்பேர் இல்லை. இன்வெர்ட்டர் (கம்ப்ரசர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வகை) இல்லாத ஏசியில் கம்ப்ரசர் ஓடினால் முழு வேகம், இல்லாவிட்டால் நிற்கும். பாதி வேகம் கிடையாது. உள் யூனிட் மூடியைத் திறந்து பாருங்கள். காயிலுக்கு முன்னால், காற்று உள்ளே போகும் இடத்தில், ஒரு கிளிப்பில் மிளகு அளவு தலையோடு மெல்லிய ஒயர் இருக்கும். அதுதான் ரூம் சென்சார். சூடு ஏறினால் அதன் மின்தடை குறையும். கன்ட்ரோல் போர்டு அதைப் பார்த்துத்தான் கம்ப்ரசருக்குக் கரன்ட் விடும் சுவிட்சான ரிலேயைப் போடும், எடுக்கும்.

24 வைத்தால் 24-லேயே நின்று 24-லேயே கிளம்பாது. 23-ல் கட் ஆகி 25-ல் கிளம்புகிற மாதிரி ஒரு இடைவெளி விட்டிருப்பார்கள். மாடலுக்கு மாடல் மாறும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் ரிலே ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கும். கிளம்பும் நொடியில் கம்ப்ரசர் வழக்கத்தைவிடப் பல மடங்கு ஆம்பியர் இழுக்கும். அதை நிமிஷத்துக்கு ஒருமுறை செய்தால் மோட்டாரின் கம்பிச் சுற்று (வைண்டிங்) தாங்காது.

தயவுசெய்து ஆஃப் செய்த கையோடு ஆன் செய்யாதீர்கள். கம்ப்ரசரின் இரு பக்க கேஸ் பிரஷரும் சமமாகச் சில நிமிஷம் வேண்டும். அதற்கு முன் கிளப்பினால் மோட்டார் சுற்றாமல் உறுமி ஓவர்லோடில் கட் ஆகும்.

சென்னை: 16-ல் வைத்தால் சீக்கிரம் குளிரும்தானே?

இல்லை. 24-க்கும் அதே கம்ப்ரசர் அதே வேகத்தில்தான் ஓடுகிறது. 16-ல் வைத்தால் 24-ஐத் தாண்டியும் நிற்காது, அவ்வளவுதான்.

சேலம்: நானே சோதித்தேன், 16-ல் வேகமாகக் குளிர்ந்தது.

ஃபேனை ஆட்டோவில் விட்டிருப்பீர்கள். வித்தியாசம் அதிகமாக இருந்தால் போர்டு ஃபேனைக் கூட்டும். இரண்டு முறையும் ஹையில் வைத்துப் பாருங்கள்.

சேலம்: ஃபேன் ஹைதான். என்னுடையது இன்வெர்ட்டர்.

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! இன்வெர்ட்டர் 24-ஐ நெருங்கும்போது வேகத்தைக் குறைக்கும். அதனால் கடைசி ஓரிரு டிகிரி 16-ல் சீக்கிரம் இறங்கும், உண்மை. ஆனால் 35-லிருந்து இறங்கும் பெரும்பகுதியில் இரண்டும் ஒன்றுதான்.

சென்னை: அப்போ அவர் சொன்னது சரிதானே?

இன்வெர்ட்டருக்கு, அந்தக் கடைசி டிகிரிக்கு மட்டும். அந்தச் சில நிமிஷத்துக்காக ராத்திரி முழுக்க 16-ல் ஓட்டிக் கரன்ட் பில் கட்டாதீர்கள்.

கோவை: புது ஏசியைப் போட்டதும் 24 காட்டுகிறதே?

2020 ஜனவரி முதல் இந்தியாவில் அறை ஏசிகளுக்கு அதுதான் விதி. வேண்டிய அளவுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஊட்டி: ஆயில் ஹீட்டர் 'டிக்' என்று கட் ஆகிறது. ஆனால் கட்டில் பக்கம் குளிர் போகவில்லை.

உள்ளே தெர்மோஸ்டாட்டாக இருப்பது இரண்டு உலோகம் ஒட்டிய பட்டை. சூட்டில் ஒன்று அதிகம் நீளும், பட்டை வளைந்து காண்டாக்ட்டைப் பிரிக்கும். அது ஹீட்டரோடு ஒட்டியே இருப்பதால் பக்கத்துச் சூடுதான் அதற்குத் தெரியும். ஹீட்டரைக் கட்டில் பக்கம் நகர்த்துங்கள். மெத்தை, போர்வை படாமல்.

நாகர்கோவில்: கேஸ் குறைந்திருக்குமா?

பிரஷர் கேஜ் போட்டுப் பார்க்காமல் சொல்ல முடியாது. மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

வேலூர்: 16-ல் வைத்தால்...

மேலே சென்னைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

தஞ்சாவூர்: சர்வீஸுக்குப் பிறகு அறை குளிர்வதற்குள் கட் ஆகிறது.

கழுவும்போது சென்சார் கிளிப்பிலிருந்து கழன்று காயிலைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். காயில் குளிரை அறையின் குளிர் என்று எடுத்துக்கொள்ளும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பழைய இடத்தில் மாட்டுங்கள். திரும்பப் போடுவதற்கு முன் மூணு நிமிஷம் பொறுங்கள்.