கட்டியைக் கரைப்பது மாத்திரை இல்லை

அப்பாவுக்குக் காலில் ரத்தக்கட்டி, மூன்று வாரமாக மாத்திரை போட்டும் ஸ்கேனில் கட்டி அப்படியே இருக்கிறது, மருந்து வேலை செய்யவில்லையா என்று கேட்டிருந்தீர்கள். பதறாதீர்கள், இது பலருக்கும் நடப்பதுதான்.

'ரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை' என்ற பெயர்தான் குழப்புகிறது. கட்டி மேலும் வளராமல் அது தடுக்கும், அவ்வளவுதான். கரைப்பது உடம்பின் வேலை. கல்லீரலில் உருவாகும் பிளாஸ்மினோஜன் என்ற புரதம், கட்டி உறையும்போதே அதை வலைபோலப் பிடித்து வைத்திருக்கும் ஃபைப்ரின் என்ற புரத இழைகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. ரத்தக்குழாயின் உள்சுவர் செல்கள் டிபிஏ என்ற நொதியைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. அது பிளாஸ்மினோஜனைப் பிளாஸ்மினாக மாற்ற, பிளாஸ்மின் அந்த இழைகளை வெட்டுகிறது. டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனையில் தெரிவது இந்த வெட்டுத் துண்டுகள்தான். பிளாஸ்மின் ரத்தத்தில் தப்பித் திரிந்தால் ரத்தக்கசிவு வரும் என்பதால், ஆன்டிபிளாஸ்மின் என்ற இன்னொரு புரதம் அதை உடனே பிடித்து முடக்கிவிடும். இத்தனை கட்டுப்பாடு இருப்பதால் வேலை மெதுவாகத்தான் நடக்கும், மாதக்கணக்கில்கூட ஆகலாம். சிலருக்குத் தழும்பு போலக் கொஞ்சம் தங்கியும்விடும்.

அப்புறம், டாக்டரிடம் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால், இருமலில் ரத்தம் தெரிந்தால், அந்த நிமிடமே அவசர சிகிச்சைக்குக் கூட்டிப் போங்கள்.