கேள்வி – பதில்: கைக்குழந்தைகளையுமா?

கேள்வி: போர்க்களப் புகைப்படமே நெஞ்சை உலுக்கும்போது, கலைஞர்கள் அதன் மேல் எழுத்தும் நிறமும் சேர்த்துப் புதிய படைப்பாக வெளியிடுவது எதற்காக? மாண்டவர்களின் துயரத்தில் பேர் வாங்குவதாக ஆகாதா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி என்னையும் பலமுறை உறுத்தியிருக்கிறது. ஆனால், நியூயார்க்கில் கலைத் தொழிலாளர் கூட்டணி என்ற குழு வெளியிட்ட ஒரு சுவரொட்டியைப் பார்த்த பிறகு, முதல் பாதிக்கு எனக்கு விடை கிடைத்துவிட்டது.

1968 மார்ச் 16 அன்று தெற்கு வியட்நாமின் மை லாய் கிராமத்தில் அமெரிக்கப் படையினர் நிராயுதபாணிகளான கிராமத்தாரைச் சுட்டுக் கொன்றனர். வியட்நாமின் கணக்குப்படி மாண்டவர்கள் 504 பேர். உடன் சென்ற ராணுவப் புகைப்படக்காரர் ரொனால்ட் ஹேபர்லி தம் சொந்தக் கேமராவில் எடுத்த வண்ணப் படங்கள் 1969 நவம்பரில்தான் கிளீவ்லாந்து நாளிதழ் ஒன்றின் மூலம் வெளியுலகுக்குத் தெரிந்தன. அவற்றுள் ஒன்றில், மண் பாதையில் பெண்களும் குழந்தைகளும் ஒருவர் மேல் ஒருவராகக் கிடக்கிறார்கள். அந்தப் படத்தில் சாவு இருக்கிறது, சுட்டவர் இல்லை.

அதே மாதம், அந்தப் படைப்பிரிவின் முன்னாள் வீரர் ஒருவரைத் தொலைக்காட்சியில் பேட்டி கண்ட மைக் வாலஸ், ஆண்கள், பெண்கள், குழந்தைகள் எல்லோரையுமா கொன்றீர்கள் என்று கேட்டுவிட்டு, “கைக்குழந்தைகளையுமா?” என்றும் கேட்டார். “கைக்குழந்தைகளையும்” என்று பதில் வந்தது. கலைஞர்கள் இந்தக் கேள்வியைப் படத்தின் மேற்புறத்திலும் பதிலைக் கீழ்ப்புறத்திலும், பிணங்கள் ஊடே தெரியும்படி, ரத்தச் சிவப்பு எழுத்தில் பதித்தார்கள். தமிழில் சொன்னால், கேள்விக்கும் பதிலுக்கும் ஓர் ‘ஆ’ ஒலிதான் வித்தியாசம். படத்தில் இல்லாதிருந்த சுட்டவரின் குரலை அந்த எழுத்து கொண்டுவந்து சேர்த்தது. புகைப்படம் தனியாக நின்று இதைச் செய்திருக்க முடியாது என்பதே என் உறுதியான எண்ணம்.

பேர் வாங்குவது பற்றிக் கேட்டீர்கள். இது தனியொருவர் பெயரில் அல்லாமல் குழுவின் பெயரிலேயே வெளிவந்தது. அச்சுத் தொழிலாளர் சங்கம் கூலி வாங்காமல் 50,000 பிரதிகள் அச்சிட்டுக் கொடுக்க, அவை இலவசமாகவே வழங்கப்பட்டன. இதே படத்தை விலைபேசி ஏலத்துக்கு அனுப்பியிருந்தால், உங்கள் உறுத்தலை நானும் அப்படியே ஏற்றிருப்பேன். சுவரொட்டி வெளியீட்டில் உடன் நிற்பதாகச் சொல்லியிருந்த நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம், அறங்காவலர் குழுத் தலைவரின் எதிர்ப்பால் பின்வாங்கியது. கலைஞர்கள் விடவில்லை. 1970 ஜனவரியில், அதே அருங்காட்சியகத்தில் அப்போது மாட்டப்பட்டிருந்த, போரின் கொடுமையைத் தீட்டிய பிக்காசோவின் ‘குவர்னிகா’ ஓவியத்தின் முன்னே சுவரொட்டிகளை ஏந்தி நின்றார்கள். அவர்களுள் ஒரு பெண் ஓவியர், தம் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அந்த ஓவியத்தின் கீழே தரையில் அமர்ந்திருந்தார்.